திருப்பினால் மறுபடி வரும் பெட்டி

மத்தியானம் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்தால் எனக்கு இன்னமும் அந்தப் பெட்டி வருகிறது. முதலில் பின்னால் உள்ளதெல்லாம் மங்கும். முற்றத்து வெய்யில், கிணற்றடி, பக்கத்து வளவில் யாரோ தவில் சாதகம் பண்ணுகிற சத்தம், எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறம் ஒன்று படியும். பிறகு நடுவில் வெள்ளையாய் ஒரு பெட்டி எழும்பும். அதற்குள் ஏதோ ஒரு கேள்வி, கீழே இரண்டு பட்டன். கேள்வியை வாசிப்போம் என்று கிட்டப் போவேன், முழிப்பு வந்துவிடும். வேலையை விட்டு இணுவிலில் வீட்டோடு இருக்கிற ஒருத்திக்குக் கனவில் கோயில் குளம் வரக்கூடாதா? வருவது அந்தக் கோதாரிப் பெட்டிதான்.

போன கிழமை அப்படி முழித்த நேரம் பார்த்து போன் அடித்தது. மிதுஷா. கந்தோரில் நான் விட்டு வந்த மேசையில் இப்போது இருக்கிற பிள்ளை. கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள்.

“அன்ரி, நித்திரையைக் குழப்பிப்போட்டனோ?”

“குழப்பிப்போட்டுக் கேக்கிறாய். சொல்லு.”

“வள்ளக்காரரின்ரை போன் அப்பிலை ஒரு பிழை கிடக்கு. ‘வந்தாச்சே?’ எண்டு கேக்கிற பெட்டி. ஓம் எண்டு அழுத்தினாப் பிறகும், போனைக் குறுக்காலை திருப்பினால் திரும்பவும் வருது. உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ விட்டனீங்கள்?” அவளுக்கு நம்ப முடியவில்லை. பெட்டிப் பிழை என்றால் என்னிடம்தான் வரவேண்டும் என்று கந்தோரில் கதை. “இப்ப நாங்கள் எழுதிறதுகூட இல்லை அன்ரி. இன்னது பிழை எண்டு கொம்பியூட்டரிட்டைச் சொன்னால் அதுவே கண்மூடி முழிக்கமுன்னம் திருத்தித் தருது. திருத்தட்டே?”

“பொறு பிள்ளை. உது போனிலை சொல்லுற கதை இல்லை. எழுதி அனுப்பிறன். அதுவரைக்கும் அதைத் தொடாதை.”

அதுதான் இது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையை நீட்ட ஒன்றுமில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தில் கொழும்பில் படித்தேன். அங்கேயே ஒரு கம்பனியில் சேர்ந்தேன். மற்றவர்கள் பெரிய பெரிய வேலை செய்தார்கள், எனக்கு வாய்த்தது பெட்டி. நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஏதாவது செய்யப் போனால் திரையை மங்கவைத்து, நடுவில் வந்து நின்று, ‘நிச்சயமா?’ என்று கேட்குமே, அதுதான். வரவேண்டிய நேரத்தில் வராத பெட்டி, வந்தால் போகாத பெட்டி, ஒரு தரம் வரவேண்டியது இரண்டு தரம் வருகிற பெட்டி. இதில் கடைசி வகைதான் என் பரம்பரை எதிரி. பதில் சொன்ன கேள்வியையே திரும்பக் கேட்டால் மனிசருக்கு எரிச்சல் வராதா? அப்படி எத்தனையைத் தேடிப் பிடித்து அடக்கியிருப்பேன். “பெட்டியெண்டால் மலரைக் கூப்பிடு” என்பது அங்கே ஒரு பகிடி. எனக்குக் கோபம் வரும். ஆனாலும் கூப்பிட்டால் போவேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தபோது, இனியாவது பெட்டி இல்லாத வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். விதி வேறு விதமாய் எழுதியிருந்தது.

யாழ்ப்பாண நகரத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். நடத்தியவர் எப்சி ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர், இடையில் அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். பள்ளிக்கூடம்தான் அவரை விடவில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் குடை, சீனி போடாத தேத்தண்ணி. வாய்க்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். யாரையும் அதட்டமாட்டார். அதட்டித் தொலைத்தால் பரவாயில்லை என்று எங்களுக்கு இருக்கும்.

ஒரு பிழையைக் கொண்டுபோனால் அவர் செய்கிற முதல் வேலை, எங்கள் மடிக்கணினியின் மூடியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக மூடுவது. நித்திரையான குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற பக்குவத்தில் மூடுவார்.

“இப்ப சொல்லும்.”

“ரீச்சர், இந்தப் பட்டனை அழுத்தினால்…”

ஒரு விரல் எழும்பும். “பட்டன் வேண்டாம்.”

“திரையிலை வந்து…”

“திரையும் வேண்டாம். திரையே இல்லாத ஊரிலை இந்த வேலை எப்பிடி நடக்கும் எண்டு சொல்லும்.”

முதல் தரம் எனக்கு வந்ததே ஒரு கோபம்! திரை இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை? வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். கீழே கடையில் கண்ணாடி தேய்க்கிற மெசினின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்று நின்றுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஒரு செயலிக்குள் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று காட்டுகிற வேலை: என்ன நிறம், எங்கே பெட்டி, எப்போது மங்கவேண்டும். மற்றது தீர்மானிக்கிற வேலை: யார் உள்ளே, யார் வெளியே, எது நடந்தது, எது நடக்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுக் குழைத்தால், காட்டுகிறது பிழைக்கும்போது தீர்மானமும் சேர்ந்து பிழைத்துவிடும். ரீச்சர் அதைத் தன் பாஷையில் சொல்லுவார்: “பள்ளிக்கூடத்திலை மணி அடிக்கிறவர் மணியை அடிக்கட்டும். சோதினைப் பேப்பரை அவர் திருத்தக்கூடாது.”

அந்தப் பாடம் எனக்கு உறைத்தது கந்தோரில் அல்ல, வல்வெட்டித்துறைக் கரையில்.

அங்கே கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்கு ஒரு செயலி இருந்தது. எங்களுக்கு முன்னம் கொழும்பில் யாரோ எழுதியது. பிறகு பராமரிக்கச் சொல்லி எங்கள் கையில் தந்தார்கள். வேலை லேசானது. விடியற்காலையில், வள்ளம் இறக்குகிற நேரம், ஒவ்வொருவரின் போனிலும் தானாக ஒரு பெட்டி வரும்: ‘கடலுக்குப் போகிறீர்களா?’ ஓம் என்று அழுத்தினால் சங்கத்து அறையில் உள்ள பெரிய திரையில் அவர் பெயருக்கு நேரே ‘கடல்’ என்று விழும். திரும்பி வந்து இன்னொரு பட்டனை அழுத்தினால் ‘கரை’ என்று மாறும். காற்றுக் கடுமையாகும் என்று அறிவித்தல் வந்தால், கடல் என்று விழுந்திருக்கிற எல்லாப் போன்களுக்கும் சங்கத்திலிருந்து ஒரே நேரத்தில் ஊதுகிற சத்தத்தோடு செய்தி போகும். அவர்கள் திரும்பிவிடுவார்கள்.

அந்தச் சங்கத்து அறையைப் பார்த்துக்கொள்கிற குகன் ஒரு நாள் போன் பண்ணினான். “அக்கா, சில வள்ளங்கள் வெளியிலை நிக்கேக்கையே இஞ்சை கரையெண்டு காட்டுது. ஒவ்வொரு நாளும் இல்லை. எல்லாருக்கும் இல்லை. என்னெண்டு பாருங்கோ.”

பார்த்தேன். பெட்டி வந்திருக்கிற நேரம் வேறு அழைப்பு வந்தால் என்ன, பற்றரி இறங்கினால் என்ன, போனைக் குறுக்கே திருப்பினால் என்ன, தொடர்பு அறுந்தால் என்ன என்று எல்லாம் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் ஓம் என்று அழுத்தினேன், ஒவ்வொரு தரமும் ஒழுங்காய்க் ‘கடல்’ என்று விழுந்தது. அப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் அந்தக் கேள்விதான் நிற்கும். கடலுக்குப் போகிறீர்களா? கடலுக்குப் போகிறீர்களா? கடலில் கால்கூட நனைக்காத இணுவில்காரி நான், நித்திரையில் எத்தனை தரம் போயிருப்பேன்.

கடைசியில் ரீச்சரிடம் போனேன். மூடி மூடுண்டது.

“நீர் கன தரம் அழுத்திப் பாத்திருப்பீர்,” என்றார்.

“விரல் தேயுமட்டும் ரீச்சர்.”

“ஒருக்காலாவது அழுத்தாமல் பாத்தீரோ?”

எழுந்து என் மேசைக்குப் போனேன். பெட்டி வந்தது. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, பெட்டிக்கு வெளியே மங்கிக் கிடந்த இடத்தில் விரலை வைத்தேன். பெட்டி சத்தமில்லாமல் போய்விட்டது. மங்கல் விலகியது. எல்லாம் வெளிச்சமாய், ஒன்றுமே நடக்காதது போல. சங்கத்துப் பெரிய திரையை என் மேசையிலும் பார்க்கலாம்; அதில் என் சோதனைப் பெயருக்கு நேரே ‘கரை’.

உள்ளே எழுதியிருந்ததை வாசித்தேன். ஒரு ஆள் கடலில் என்று பதிகிற அந்த ஒரு வரி, ‘ஓம்’ பட்டனுக்குள்ளேயே இருந்தது. வேறெங்கும் இல்லை. அதாவது அந்த விரல் அந்த இடத்தில் படாவிட்டால், அந்த மனுசன் இந்தியாவைத் தொட்டுவிட்டு வந்தாலும் எங்களுக்கு அவர் கரையில்தான்.

“ரீச்சர், மணி அடிக்கிறவர்தான் பேப்பரும் திருத்திறார்,” என்றேன். எழுதியது நான் அல்ல என்று சேர்த்துச் சொல்லப் பார்த்தேன். ரீச்சரிடம் அந்தச் சாட்டு எடுபடாது என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

“அந்த வரியை வெளியிலை எடுக்கலாம். அது பிறகு. இப்ப எனக்கு ஒண்டு தெரியவேணும். அவை ஏன் அழுத்தாமல் விடுகினம்?”

“கவலையீனம்தான் ரீச்சர். வேறையென்ன.”

“ஊகம் வேண்டாம். போய்ப் பாரும்.”

முதல் பஸ்ஸில் போனேன். முழு வழியும் அரை நித்திரை. யன்னலால் வந்த காற்றில் உப்பு மணத்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். கரையில் அப்போதுதான் விடிகிற நிறம். கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. அந்தச் சாம்பலுக்குள் ஆட்கள் வள்ளங்களை உருளைக்கட்டையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் பெரிதாய்க் கதைக்கவில்லை. மணலில் கால் புதைகிற சத்தம்கூடக் கேட்டது.

குகன் என்னை ஒரு வள்ளத்தடிக்குக் கூட்டிப்போனான். இராசதுரை அண்ணையும் அவர் மனைவி பூமணியக்காவும் நின்றார்கள். அவர் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தையும், பொலித்தீன் பையில் சுற்றின போனையும் வைத்துக்கொண்டு நின்றா. அந்த நேரம் போன் ஒளிர்ந்தது. பெட்டி. எனக்குச் சொந்தப் பிள்ளையை மேடையில் பார்த்தது போல இருந்தது.

பூமணியக்கா கேள்வியைப் பார்க்கவே இல்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, பெருவிரலால் திரையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினா. பெட்டி போய்விட்டது. பையைக் கட்டி அவர் கையில் கொடுத்தா. அண்ணை ஒன்றும் சொல்லாமல் ஏறினார், வள்ளம் தண்ணீரில் இறங்கியது, மெசின் பிடித்தது, சாம்பலுக்குள் போய்ச் சேர்ந்தது.

வள்ளம் கண்ணுக்கு மறையும் மட்டும் பொறுத்திருந்துதான் கேட்டேன். “அக்கா, உதிலை ஓம் எண்டு அழுத்தியிருக்கலாமே. ஏன் பக்கத்தாலை தட்டினனீங்கள்?”

பூமணியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. “தங்கச்சி எந்த ஊர்?”

“இணுவில்.”

“இணுவிலிலை, வெளிக்கிடுற மனுசனிட்டை எங்கை போறாய் எண்டு கேக்கிறவையோ?”

எனக்குக் காது சுட்டது. இணுவிலில் கேட்பார்களா? வாசல் தாண்டுகிறவரை யாராவது கேள்வி கேட்டுவிட்டால், திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மறுபடி வெளிக்கிடுவார்கள். அந்தச் சகுனத்தோடுதான் நான் வளர்ந்தேன். கந்தோர் முழுக்க அந்தச் சகுனத்தோடு வளர்ந்தவர்கள். ஆனால் மேசைக்கு முன்னால் இருந்து அந்தப் பெட்டியைப் பார்த்த எங்களில் ஒருவருக்கும், அது கடலுக்கு இறங்குகிறவனை மறித்துக் கேள்வி கேட்கிறது என்று தோன்றவே இல்லை.

“மூதேசிப் பெட்டி,” என்றா அக்கா. “வெளிக்கிடேக்கை எண்டு பாத்துக் கேக்குது. சின்னப் பெடியள் வீட்டிலையே, சேட்டுப் போடமுன்னம் அழுத்திப்போட்டு வருவாங்கள். இவருக்கு உதெல்லாம் விளங்காது. நான் கேக்காத மாதிரித் தட்டிவிடுறனான்.”

சிரிப்பு வந்தது எனக்கு. பிழை பிடிபட்ட சந்தோஷம். சங்கத்து அறையில் இருந்து ரீச்சருக்கு போன் பண்ணி எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப இண்டைக்கும் அவர் கரையிலை எண்டுதானே கிடக்கு?” என்றார்.

சிரிப்பு நின்றது. ஆனால் கடல் தகடாய்க் கிடந்தது; குகனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தவள், அந்த வரியை எங்கே மாற்றி வைப்பது என்ற யோசனையில் அதை மறந்துபோனேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட, காற்று வாடையாய்த் திரும்பும், கடுமையாகும் என்று அறிவித்தல் வந்தது. குகன் செய்தியை அனுப்பினான். பெரிய திரையில் கடல் என்று இருந்த பெயர்களுக்கெல்லாம் போனது. கொஞ்ச நேரத்தில் வள்ளங்கள் ஒன்றொன்றாய் வரத் தொடங்கின. ஒவ்வொரு பெயராய்க் கரையென்று மாறியது. கடைசிப் பெயரும் மாறியதும் குகன் கதிரையில் சாய்ந்தான். “எல்லாரும் வந்தாச்சு.”

வாசலில் பூமணியக்கா நின்றா. “இவர் வரேல்லைத் தம்பி.”

குகன் பழக்க தோஷத்தில் திரையைத்தான் பார்த்தான். “உங்கடை அவர் இண்டைக்கு வெளிக்கிடவே இல்லை எண்டெல்லோ கிடக்கு அக்கா.”

“வெளிக்கிடேல்லையோ? அப்ப காலமை நான் கட்டிக்குடுத்த பாணையும் சம்பலையும் ஆரடா கொண்டு போனது?”

பூமணியக்கா அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா. “தங்கச்சி, நீங்கள்தானே உதைத் திருத்த வந்தனீங்கள். அவர் கடலிலை எண்டு போடுங்கோ. அவருக்கும் அந்தச் சத்தத்தை அனுப்புங்கோ.”

மடிக்கணினியைத் திறந்தேன். எனக்குத் தெரியும், வழி இல்லை. ஒரு மனுசனைக் கடலில் என்று பதிகிற வரி அவருடைய போனில், அந்தப் பெட்டியில், அந்தப் பட்டனுக்குள் இருந்தது. கரையில் நிற்கிற யாராலும் அவரைக் கடலில் என்று சொல்ல ஏலாது. சங்கத்தால் ஏலாது, மனைவியால் ஏலாது, பெட்டியையே தொழிலாய்ச் செய்த என்னாலும் ஏலாது. அவர் விரலால் மட்டும்தான் ஏலும். அந்த விரல் எங்கேயோ தண்ணீருக்கு நடுவில் நின்றது.

“என்ன பிள்ளை, பேசாமல் நிக்கிறாய்?” மரியாதை போய்விட்டது. போகத்தானே வேண்டும்.

“இதுக்குள்ளாலை ஏலாது அக்கா,” என்றேன். “குகன், ஆக்களை அனுப்பு. போன் பண்ணு.”

போனில் தொடர்பு இல்லை என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மத்தியானம் செய்தி போன நேரம் அவர் எட்டுகிற தூரத்தில் நின்றிருப்பார். இப்போது இல்லை. இரண்டு வள்ளத்தில் பெடியள் வெளிக்கிட்டார்கள். யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நானும் பூமணியக்காவும் மணலில் இருந்தோம். அக்கா அழவில்லை. அம்மாளாச்சியை ஒருமையில் திட்டுவதும் கெஞ்சுவதுமாய் இருந்தா. எனக்குக் காற்றின் இரைச்சலில் தலை கிறுகிறுத்தது. கடல் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு மிகவும் பழக்கப்பட்ட மங்கல் அது. இனி நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி எழும்பும், அதில் ஒரு கேள்வி இருக்கும், எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது என்று ஒரு மயக்கம்.

பக்கத்தில் இராசதுரை அண்ணையின் உருளைக்கட்டைகள் கிடந்தன. அவற்றின் மேல் வள்ளம் இல்லை. மணலில் அது இழுபட்ட தடம் தண்ணீர்வரை போயிருந்தது. பட்டன் இல்லை, திரை இல்லை. வள்ளம் இங்கே இல்லையென்றால் ஆள் கடலில். அவ்வளவுதான் விதி. ரீச்சர் அத்தனை காலமும் என்னிடம் கேட்டது இந்த ஒரு வசனத்தைத்தான். அதை வாய்விட்டுச் சொன்னேன்.

“என்ன சொல்லுறாய்?” என்றா அக்கா.

“ஒண்டுமில்லை அக்கா. வருவார்.”

பொழுதுபட்டுக்கொண்டு வந்தபோது குகன்தான் முதலில் கத்தினான். இரண்டு வள்ளம் போனது, மூன்று வந்தது. நடுவில் ஒன்று கயிற்றில் இழுபட்டுக்கொண்டு. மெசின் நின்று, தண்ணீர் இறைத்து இறைத்துக் கை மரத்துப்போய், இராசதுரை அண்ணை அதற்குள் இருந்தார்.

நான் நினைத்தேன், பூமணியக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பா, ஒப்பாரி வைப்பா என்று. அவ முழங்கால் தண்ணீரில் நின்று அவர் இறங்கும் மட்டும் பார்த்தா. அவரைத் தொடவில்லை. அவர் இடுப்பில் கட்டியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்தா. போனை எடுத்துச் சேலையில் துடைத்தா. நேரே என்னிடம் வந்து அதை நீட்டினா.

“இப்ப கேளுங்கோ தங்கச்சி,” என்றா. குரல் அப்போதுதான் உடைந்தது. “கேக்கிறதெண்டால் இப்ப கேளுங்கோ. இப்ப கேட்டால் சொல்லுவார்.”

இராசதுரை அண்ணை குளிரில் பல் அடித்துக்கொண்டு நின்றார். யார் இந்தப் பெண், என்ன கேட்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, “வந்திட்டன் தங்கச்சி,” என்றார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், குகனுக்கு முன்னால், கைக்குட்டைகூட இல்லாமல் அழுதேன்.

திருத்துகிற வேலை பெரிதாய் இல்லை. பதிகிற வரியைப் பெட்டிக்குள்ளால் எடுத்து வெளியே தனியாக வைத்தேன். போன் கரையைத் தாண்டினால் அது தானாகவே ‘கடல்’ என்று பதியும். கரைக்குள் வந்தால் ‘கரை’. போன் பிழைத்தாலும் சங்கத்தில் இருக்கிறவர் கையால் மாற்றலாம், வீட்டில் உள்ளவர்கள் சொன்னாலே போதும். வெளிக்கிடுகிற நேரம் எந்தக் கேள்வியும் இல்லை. திரும்பி வந்த பிறகு மட்டும் ஒரு பெட்டி: ‘வந்தாச்சே?’

அதை ரீச்சருக்குக் காட்டினேன். அவர் மூடியை மூடினார்.

“இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாட்டில் என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது ரீச்சர். வந்தது முதலே பதிஞ்சிடும்.”

“சொன்னால்?”

“அப்பவும் ஒண்டும் நடக்காது.”

“அப்ப ஏன் கேக்குது?”

திரையையும் பட்டனையும் சொல்லாமல் சொல்லவேண்டும். யோசித்தேன். பிறகு கரையில் நடந்ததைச் சொன்னேன். மனைவி தண்ணீரில் நின்றதை, பையை அவிழ்த்ததை, அந்த மனுசன் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு சொல்லை. எப்சி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதிலை தீர்மானம் ஒண்டும் இல்லை,” என்றார் கடைசியில். “இது முழுக்கத் திரையின்ரை வேலை. திரையிலையே இருக்கட்டும்.”

புதியதைப் போட்டுப் பார்க்க மறுபடி வல்வெட்டித்துறைக்குப் போனேன். வள்ளங்கள் வருகிற நேரம், வெய்யில் மெதுவாய் மஞ்சளாகியிருந்தது. இராசதுரை அண்ணை இறங்கி வந்து, போனைத் தான் தொடாமல் மனைவியிடம் கொடுத்தார். பூமணியக்கா பையை அவிழ்த்தா. பின்னால் எல்லாம் மங்கி, பெட்டி எழும்பியது. ‘வந்தாச்சே?’

“ஓம்,” என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினா. பெட்டி போனது. அதை எனக்குக் காட்டப் போனைத் திருப்பினா. பெட்டி மறுபடி வந்தது. ‘வந்தாச்சே?’

என் பரம்பரை எதிரி! எனக்கு மானமே போனது. “ஐயோ அக்கா, அது பிழை. போனைத் திருப்பினால் படம் கீறுற மாதிரித் திரையைப் புதுசாக் கீறுது, அதாலை திரும்ப வருது. இப்பவே திருத்தித் தாறன், இஞ்சாலை தாங்கோ.”

பூமணியக்கா தரவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததோ தெரியாது. ஓம் என்று அழுத்தினா. போனைத் திருப்பினா. வந்தது. அழுத்தினா. வலையை உதறிக்கொண்டிருந்த மனுசனை ஒரு பார்வை பார்த்தா, மறுபடி திருப்பினா.

“இன்னொருக்காலும் கேக்குது,” என்றா என்னிடம், கண் கலங்கச் சிரித்துக்கொண்டு.

மிதுஷா, பிள்ளை, நான் அதைத் திருத்தாமல் பஸ் ஏறினேன். ஓய்வு பெறும்வரைக்கும் திருத்தவில்லை. உள்ளுக்கு ஒரு கெடுதியும் இல்லை, நீ வேண்டுமென்றால் பார். எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரு பதிவும் மாறாது, அதற்காகத்தானே அந்த வரியை அங்கேயிருந்து எடுத்தோம். குகனோடு போன கிழமையும் கதைத்தேன். இராசதுரை அண்ணை இன்னமும் கடலுக்குப் போகிறாராம். அக்கா இன்னமும் பொழுதுபடக் கரையில் நின்று போனைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாவாம்.

கொம்பியூட்டரிடம் ஒன்றும் சொல்லாதே. அந்த மனிசி கேட்கட்டும்.